ஏழரைக் கிலோவுக்கு ஓர் எஞ்சின்

என் மகள் ஏதோ சொல்ல வந்து பாதியில் வாயை மூடிக்கொண்டால் என்னால் சும்மா இருக்க முடியாது. "என்னம்மா, சொல்லு" என்று துருவுவேன். துருவத் துருவ அவள் உதட்டை இன்னும் இறுக்கிக்கொள்வாள். கேட்காமல் விட்டிருந்தால் தானாகவே சொல்லியிருப்பாளோ என்று பிறகு தோன்றும். விட்டிருந்தால் சொல்லாமலே போயிருப்பாளோ என்றும் தோன்றும். "சும்மா விடு லா, சின்னப் புள்ள" என்பார் என் கணவர். அவருக்கு அந்த விமானத்தைப் பற்றித் தெரியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. பத்தாகக்கூட இருக்கலாம். மலேசியாவில், ரெம்பாவுக்கு அப்பால் ஒரு செம்பனைத் தோட்டத்தில் இருந்தோம். அப்பா அங்கே மண்டோர். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்புவார். மாலையில் தராசுக் கொட்டகையில் நின்று எடை போடுவார். அம்மா மற்றப் பெண்களோடு சேர்ந்து மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் பழங்களைப் பொறுக்குவார். பள்ளி விட்டு வந்ததும் நான் போய் அம்மாவின் சாக்குக்கு வாய் பிடிப்பேன்.

கொட்டகையில் இருந்தது உத்திரத்திலிருந்து தொங்கும் வட்ட முகத் தராசு. கொக்கியில் எதுவும் மாட்டாதபோது அதன் முள் பூஜ்யத்தில் நிற்க வேண்டும். நிற்காது. மூன்று கிலோ பின்தள்ளி நிற்கும். சாக்குக்கும் ஒட்டியிருக்கும் மண்ணுக்கும் கழிவு என்று கணக்கெழுதும் ஆபீஸ் கிராணி சொல்ல, அப்பா பின்பக்கத் திருகைத் திருகி அப்படி வைத்திருந்தார். சாக்கு முக்கால் கிலோகூட இருக்காது. "மாட்டறதுக்கு முன்னாடியே தின்னுடுச்சு பாரு" என்று பெண்கள் முணுமுணுப்பார்கள். அப்பா காதில் விழும். விழாத மாதிரி அவர் நிற்பார். அம்மா மட்டும் முணுமுணுக்க மாட்டார்.

ஒருநாள் சாப்பிடும்போது நான் அந்த மூன்று கிலோவைப் பற்றிக் கேட்டுவிட்டேன். அப்பா கையை ஓங்கிவிட்டார். அடிக்கவில்லை.

"வீட்ல பேசறத வெளிய பேசாத. வெளிய பேசறத வீட்ல பேசாத" என்றார்.

அப்படியானால் எங்கேதான் பேசுவது என்று எனக்கு விளங்கவில்லை. ஓங்கிய கை மட்டும் நன்றாக விளங்கியது.

அந்த வருஷம்தான் மாமா விமானம் செய்தார். மாமா என்றால் அம்மாவின் தம்பி. சுங்கை காடுட்டில் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். அங்கே நாலு பேரோடு தங்கியிருந்த அறையில் இடமில்லாததால் சனிக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் பலகையும் பசையும் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டு முன்கூடத்துக்கு வந்துவிடுவார். ரிமோட்டில் பறக்கும் விமானம். கடையில் தொங்கும் பொம்மையைப் போல் நினைக்கக் கூடாது. இரண்டு இறக்கைகளையும் சேர்த்தால் எங்கள் கட்டிலைவிட நீளம். அதன்மேல் மஞ்சள் பிளாஸ்டிக் தாளை ஒட்டி, அம்மாவின் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத் தேய்த்துச் சுருக்கமில்லாமல் இழுத்தார். அதற்குப் பிறகு என் பள்ளிச் சட்டையில் ஒரு மாதம் மஞ்சள் கோடுகள் விழுந்தன.

எல்லாம் முடிந்து எஞ்சின் மட்டும் மிச்சம். எந்த அளவு எஞ்சின் வாங்குவது என்பதில்தான் மாமாவுக்குத் தூக்கம் போயிற்று.

"எட்டு கிலோவுக்குள்ள நின்னா இருபத்தாறு சிசி போதும்னு சிரம்பான்ல எஞ்சின் கடைத் தவுக்கே சொல்றான். பத்தத் தாண்டிடுச்சுன்னா முப்பத்தெட்டு வேணுமாம்" என்றார். "எடை தெரியாம வாங்கக் கூடாது மச்சான். ஒங்க கொட்டகைத் தராசுல ஒரு தடவ மாட்டிப் பாத்துடலாமா?"

அப்பா மஞ்சள் இறக்கையைத் தடவிப் பார்த்தார். "அது பழம் போடற தராசு மாப்ள" என்றார்.

"கிலோ கிலோதான மச்சான். பழத்துக்கு ஒண்ணு, பலகைக்கு ஒண்ணா?"

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொட்டகையைத் திறந்தார்கள். லயத்து வீடுகளில் பாதிப் பேர் வேடிக்கைக்கு வந்துவிட்டார்கள். எஞ்சின் இன்னும் வாங்கவில்லை என்பதால் அதன் எடைக்கு ஒரு இரும்புத் துண்டை மாமா விமானத்தின் மூக்கில் கட்டினார். பிறகு வயிற்றுப் பக்கம் கயிறு போட்டுக் கொக்கியில் மாட்டப் போனார். அதற்கு முன்னால் நான் முள்ளைப் பார்த்தேன். மூன்று கிலோ பின்னால்தான் நின்றது. அப்பாவும் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

விமானம் தொங்கி ஆடி நின்றது. தினமும் மாலையில் படிக்கும் அதே குரலில் அப்பா படித்தார்.

"ஏழரை."

"ஏழரையா?" என்றார் அறுவடைக்குப் போகும் பக்கத்து வீட்டு அண்ணன். "நல்ல நேரம் பாத்துத்தான் மாட்டிருக்கீங்க லா!"

எல்லாரும் சிரித்தார்கள். மாமாதான் அதிகம் சிரித்தார். எட்டுக்குள் நின்றுவிட்டதே. நான் பாவாடைக்குள் விரல் மடக்கிக் கூட்டினேன். ஏழரையும் மூன்றும் பத்தரை. மறுபடி கூட்டினேன். அதே பத்தரைதான் வந்தது.

சொல்லியிருக்கலாம். ஒரே வாக்கியம். ஆனால் சுற்றி நின்றவர்கள் அத்தனை பேரும் அந்தத் தராசில் சாக்கு மாட்டுகிறவர்கள். அவர்கள் முன்னால் அப்பாவின் தராசு தப்பு என்று அப்பாவின் மகள் எப்படிச் சொல்வது? அவர்களில் ஒருவராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். அவர்களும் மண்டோர் முகத்தைப் பார்த்துவிட்டு விமானத்தைப் பார்த்தார்கள்.

வீட்டில் சோறு போடும்போது அம்மா கேட்டார்: "எந்தத் தராசுலடா போட்டீங்க?"

"நம்ம கொட்டகையிலதான்க்கா. மச்சான்தான் படிச்சாரு."

அம்மாவின் கரண்டி நின்றது. அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை.

"எதுக்கும் பெரிசாவே வாங்கிடேன்டா" என்றார் அம்மா.

"அக்கா சொல்றதக் கேளு மாப்ள" என்று அப்பாவும் சொன்னார். "பெரிசா இருந்தா நல்லதுதான?"

மாமா சிரித்துவிட்டார். "பெரிசு வாங்குனா மூக்கு கனத்துப் போவும் மச்சான். அதுக்கு வால்ல ஈயம் கட்டணும். அப்பறம் அந்த ஈயத்தையும் சேத்து எஞ்சின் தூக்கணும். போதாததுக்கு அது ஆடற ஆட்டத்துல முன்பலகை பிச்சிக்கும். ஏழரைக்கு இருபத்தாறு அளவெடுத்துத் தச்ச சட்டை மாதிரி. ஏன், வேற எதாவது யோசிக்கிறீங்களா?"

"இல்ல, சும்மாதான் சொன்னேன்" என்றார் அப்பா.

அடுத்த சனிக்கிழமை எஞ்சின் வந்தது. என் இரண்டு உள்ளங்கையில் அடங்கியது. அது அத்தனை சிறியதாக இருந்ததைப் பார்த்ததும் எனக்குக் காய்ச்சல் வருவது போலிருந்தது. மாமா திருகு முடுக்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"மாமா, இது போதுமா?"

"ஒனக்கும் பெரிசு வேணுமா? இந்த வீட்ல எல்லாரும் ஒரே பாட்டுத்தான் பாடறீங்க" என்று என் மூக்கில் கிரீஸ் தடவினார். முன்கூடத்து நாற்காலியில் அப்பா இருந்தார். நான் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பெரியவர்கள் இரண்டு பேருக்குத் தெரியும், அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்த வாரம் முழுதும் பள்ளி பஸ்ஸில் அதையே சொல்லிக்கொண்டு போனேன்.

பறக்கவிட்டது தோட்டத்துத் திடலில். நாலு பக்கமும் செம்பனை. ஒரு ஓரத்தில் சிமெண்டுக் கால்வாய். அதன் அருகே பெண்களும் பிள்ளைகளும் நின்றோம். அம்மாவின் இடுப்பில் என் தங்கை, ஒரு வயது. அப்பாவை விமானத்தின் வாலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் மாமா. எஞ்சின் பிடித்துக்கொண்டதும் காது அடைத்தது. காற்றாடி சுழன்று கண்ணுக்குத் தெரியாமல் போயிற்று. அது தெரியாமல் போனதுதான் எனக்குப் பெரும் பயம். இருக்கிறது, ஆனால் பார்க்க முடியவில்லை.

"விடுங்க மச்சான்!"

அப்பா விடவில்லை.

"மச்சான், விடுங்க!"

விட்டார். விமானம் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது. திடல் முடியப்போகும் இடத்தில்தான் சக்கரம் தரையை விட்டது. பிள்ளைகள் கத்திக் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. அது ஆள் உயரத்துக்கு ஏறியது, இன்னும் கொஞ்சம் ஏறியது, பிறகு ஏறவில்லை. எதிரே மரங்கள். மாமா அதைத் திருப்பினார். திரும்பும்போது வேகம் குறைந்து ஓர் இறக்கை தாழ்ந்தது. தாழ்ந்தபடியே எங்கள் பக்கம் வந்தது.

அம்மா அசையவில்லை. தங்கையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திடலின் அந்தக் கோடியிலிருந்து அப்பா ஓடி வந்தார். அப்பா ஓடி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. அம்மாவையும் தங்கையையும் சேர்த்து அணைத்துக் கால்வாய்க்குள் விழுந்தார். அம்மா நின்ற இடத்தில் விமானம் மூக்கால் குத்தியது. உடைந்த காற்றாடியின் ஒரு துண்டு என் காலருகே மண்ணில் செருகி நின்றது.

தங்கை அழுதாள். அவள் அழுததும்தான் எல்லாருக்கும் மூச்சு வந்தது. அம்மாவின் முழங்கை தேய்ந்து ரத்தம் கசிந்தது, அவ்வளவுதான்.

மாமா ரிமோட்டைக் கழுத்தில் தொங்கவிட்டபடி மஞ்சள் குவியல் முன்னால் குந்திவிட்டார். "அக்காவக் கொல்லப் பாத்தேனே" என்றார். "ஏழரைக்கு இது ஏறணும். எங்க தப்புப் பண்ணேன்? நான்தான் எதையோ தப்பாக் கட்டிட்டேன்."

அவர் அழுதுவிடுவார் போலிருந்தது. தன் மேலேயே பழியைப் போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அது தாங்கவில்லை.

"ஏழரை இல்ல மாமா. பத்தரை. அந்தத் தராசு மூணு கிலோ தின்னும்" என்றேன்.

சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலும். கால்வாயிலிருந்து ஏறிய அப்பா கால்சட்டையெல்லாம் சேறாக நின்றார். மாமா அவரைத் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தில் ஒரு அக்கா, அம்மாவோடு பழம் பொறுக்குகிறவர், மெதுவாகச் சொன்னார்: "கேட்டுக்கிட்டீங்களா மண்டோரே? ஒங்க வீட்டுப் புள்ளதான் சொல்லுது."

யாரும் சிரிக்கவில்லை. அப்பா போய் ஓர் இறக்கையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். மாமா மற்ற இறக்கையோடு, கொஞ்சம் இடைவெளி விட்டு, பின்னால் போனார். நான் எல்லாருக்கும் கடைசியில் நடந்தேன். வீடு நெருங்க நெருங்க இன்னும் பின்தங்கினேன். ஓங்கிய கை இந்தத் தடவை நிச்சயம் இறங்கும்.

மாமா டீகூடக் குடிக்காமல் மோட்டாரை எடுத்துக்கொண்டு கிளம்பிய பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டார். முன்கூடத்தில் உடைந்த பலகைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். சேற்றுக் கால்சட்டையை இன்னும் மாற்றவில்லை. நான் கதவருகிலேயே நின்றேன்.

"ஒனக்கு அன்னிக்கே தெரியுமா?"

"தெரியும்பா."

"ஏன்மா என்கிட்டக்கூடச் சொல்லல?"

அவர் குரல் வழக்கம்போல் இல்லை. தாழ்ந்திருந்தது. அடிக்கும் முன் அப்படித்தான் தாழும் என்று எண்ணி, என்ன சொன்னால் அவர் கோபம் தணியும் என்று அவசரமாக யோசித்தேன். கண்டுபிடித்தும்விட்டேன்.

"இனிமே எப்பவும் சொல்ல மாட்டேன்பா" என்றேன். "சத்தியமா. யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்."

அப்பா ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். எழுந்து பின்பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக் கை கழுவினார். வெகுநேரம் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. சாப்பிட அம்மா இரண்டு தடவை கூப்பிட்டும் அவர் வரவில்லை.

அடி விழவில்லை. சரியான பதிலைச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, அன்றைக்கு நான் இரண்டாம் முறையும் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.