கை நனைக்காதவள்

என் தங்கச்சிக்குப் பிடித்த பாடமே கை கழுவுகிற பாடம்தான். மழைக்காலத்தில் எங்கள் ஊருக்கு வாந்திபேதி வரும். அதற்குப் பயந்து டீச்சர் பள்ளிக்கூட முற்றத்தில் சவுக்காரம் வைத்து எங்கள் கைகளைத் தேய்க்கச் சொல்வாள். கலங்கிய தண்ணீரைக் காட்டி, "இதையா மக்கா திங்கிய?" என்பாள். அதிலிருந்து தங்கச்சியின் அதிகாரம் தாங்க முடியாது. சோற்றுக்கு உட்கார்ந்த அப்பாவையே கழுவிவிட்டு வரச் சொல்லி எழுப்பினாளே!

அப்பாவுக்கும் மாமாவுக்கும் வாய்க்கால் மடையில் மூண்ட சண்டையில் பேச்சு நின்றுபோயிருந்தது. மாமா மகளுக்குச் சடங்கு என்று ஆள் வந்தது. கூடப்பிறந்தவன் வீட்டை அம்மையால் அடியோடு விடவும் முடியவில்லை. அக்கா தங்கச்சி எங்கள் இருவரையும் அனுப்பினாள்.

"தலையக் காட்டிட்டு வந்திரணும். அங்க கை நனைக்கப்பிடாது, கேட்டியளா?"

பகையாளி வீட்டில் சாப்பிடாதே என்பதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வார்கள். நேராகச் சொன்னால் நாக்கு வெந்துவிடும் போல! அந்தச் சொல்லைக் கேட்டால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது. அதன் அர்த்தத்தை எங்களுக்கு யார் சொன்னார்கள்?

போகும் வழியில் வாய்க்கால் சேற்றில் நண்டு பிடித்தோம். மாமி ஆசையாக இலை போட்டு, செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். டீச்சரின் பிரம்புக்குப் பயந்து நான் கழுவினேன். தங்கச்சி தண்ணீரைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள், இரண்டு கைகளையும் பின்னால் மறைத்துக்கொண்டாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"வேண்டாம் மாமி. அம்மை வையும்."

மாமியை அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள். தங்கச்சி அந்தக் கையாலேயே பாயசத்தில் பழத்தைப் பிசைந்து தின்றாள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மை கேட்டாள். "கை நனைச்சியளா?"

நான் ஆமென்றேன். தொடையில் கிள்ளு விழுந்தது. "நான் நனைக்கல்ல" என்ற தங்கச்சியை மடியில் இழுத்துப்போட்டு, "எம் பொன்னு மக்கா" என்று கொஞ்சினாள்.

மறுநாள் விடியுமுன் தங்கச்சிக்கு வாந்தியும் பேதியும் தொடங்கின. மதியத்துக்குள் கண் குழிந்து, விரல்கள் சுருங்கி, கூப்பிட்டாலும் திரும்பாமல் கிடந்தாள். விளக்கு வைக்குமுன் போய்விட்டாள்.

டீச்சர் ஓடிவந்தாள். "கை கழுவாம அது ஒண்ணும் திங்காதே!" என்று அழுதாள்.

நான் சொன்னேன். "மாமி வீட்டுல தின்னா டீச்சர். கை நனைக்கப்பிடாதுன்னு அம்மைதான் சொல்லிச்சு. அதான் கழுவாமத் தின்னா."

அம்மை என்னையே பார்த்தாள். பிறகு, "எம் வாயாலயே கொன்னுட்டேனே!" என்று தரையில் தலையை முட்டிக்கொண்டு அலறினாள்.

நான் கை நனைத்துவிட்ட கோபம் அவளுக்கு இன்னும் ஆறவில்லை என்றுதான் நினைத்தேன். மூலையில் நின்று, எப்போதோ காய்ந்துவிட்ட கைகளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே இருந்தேன்.