மூன்று புள்ளி, ஒரு கோடு

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, ஒரு படுக்கை விரிப்பை மடித்தது. ஆளுக்கு இரண்டு முனை. உதறி, எதிரெதிரே நடந்து வந்து, என் முனைகளை அவர் கையில் கொடுத்தேன்.

"கோணலா இருக்கு. இந்தக் கைய வச்சுக்கிட்டா பாலம் வரையிற?" என்றார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை இறந்தார். நெஞ்சுவலி. வயது ஐம்பத்தெட்டு. வருடம் 1967.

பெயர் பொன்னுதுரை. அந்தப் பெயரைச் சொல்லி எங்கள் ஊரான காஜா பெராங்கில் யாரும் அவரைக் கூப்பிட்டதில்லை. அவர் டோபி. நான் டோபி மகள்.

அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வீட்டுக்கு ஒரு குறி. காலரின் உள்பக்கம் அழியாத மையில் போடுவார். இருநூறு வீட்டுக் குறிகளும் மனப்பாடம். தேர்வு முடிவை அறியவும் அவருக்குப் பத்திரிகை தேவைப்படவில்லை. அப்போதெல்லாம் ஆறாம் வகுப்புத் தேர்வில் தவறினால் படிப்பு அத்துடன் முடிந்தது. வருடக் கடைசி விடுமுறைக்கு முன் வெளுக்கப் போட்ட சீருடையை, பள்ளி திறக்கும் ஜனவரியில் எந்த வீட்டார் வாங்க வரவில்லையோ, அந்த வீட்டுப் பிள்ளை தவறிவிட்டது.

1959 ஜனவரியில் வாங்க ஆளில்லாமல் கிடந்தது மூன்று புள்ளி, ஒரு கோடு. பத்து பெரெண்டாம் என்ற பக்கத்து ஊரில் இருந்த வேலாயுதத்தின் வீடு. மகள் பத்மினி. நீலச் சீருடை இரண்டு, வெள்ளைச் சட்டை இரண்டு.

அதே மாதம், தமிழ்ப்பள்ளியில் ஆறாவது முடித்த எனக்கு, பத்மினி படித்த அதே ஆங்கிலப் பள்ளியில், ஒரு வருடம் ஆங்கிலம் பழக்கும் புகுமுக வகுப்பில் இடம் கிடைத்தது. சீருடை இல்லாதவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். புதிதாகத் தைக்க வழியில்லை. மூன்றாம் நாள் அப்பா அந்த நான்கையும் தேய்த்து என்னிடம் நீட்டினார்.

"ஊரார் துணிய எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொல்வீங்க?"

"எடுக்கல. போட்டுக்கிற. அவங்க வந்து கேட்டா அன்னைக்கே கழட்டிக் கொடுத்துடணும்."

கொடுத்துவிட்டால் மறுநாள் பள்ளி இல்லை. அது இருவருக்கும் தெரியும். தினமும் பள்ளி விட்டு வந்ததும், "கேட்டாங்களாப்பா?" என்பேன்.

"இல்ல. போய்ப் படி."

ஆகஸ்டில் பத்மினி வந்தாள். அவள் வேலை செய்த வீட்டுத் துணிமூட்டை கையில் இருந்தது. நான் சீருடையில் நின்றிருந்தேன். நேராக வந்து என் காலரைப் புரட்டிப் பார்த்தாள்.

"இது என்னோடது."

அப்பா இஸ்திரிப்பெட்டியை ஓரமாக வைத்தார். "ஆமாம்மா. இப்பவே கழட்டித் தரச் சொல்றேன்."

"எனக்கு எதுக்கு டோபி? இதப் போட்டுக்கிட்டா பாத்திரம் கழுவறது?" என்றாள். பிறகு என்னிடம், "கணக்குப் புஸ்தகம் வேணுமா? அதுவும் சும்மாதான் கிடக்கு."

அவளுக்குப் பதின்மூன்று வயது. மூட்டை வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனாள். புத்தகத்தை அந்த வெள்ளிக்கிழமை கொண்டு வந்தாள்.

உடுப்பு எனக்குச் சிறிதானதும் அப்பா அதை வெளுத்து, கஞ்சி போட்டு, செய்தித்தாளில் பொட்டலமாகக் கட்டினார். நேரில் போய்க் கொடுக்க வேண்டும் என்றார். அடுத்த வாரம் என்றார். நான் பள்ளியின் கடைசி வகுப்பான ஐந்தாம் படிவம் தேறினேன். பொதுப்பணி இலாகாவில் வரைபடப் பிரிவில் சேர்ந்தேன். அடுத்த வாரம் வரவில்லை. பஸ்ஸில் போனால் அரை மணி நேரம்தான்.

ஒருமுறை நானே கொண்டு போவதாகச் சொன்னேன்.

"வேணாம். வாங்கினது நானு. நான்தான் கொடுக்கணும்."

"அப்ப போக வேண்டியதுதானே?"

"போனா, உன் மக என்ன பண்றான்னு கேப்பாங்க. என்னத்தச் சொல்றது?"

துணி மஞ்சளாகிவிடக் கூடாது என்று ஒவ்வொரு ஜனவரியும் பொட்டலத்தைப் பிரித்து, மறுபடி வெளுத்து, தேய்த்து, புதுத் தாளில் கட்டுவார். இறந்த வருடத்து ஜனவரியிலும் கட்டினார். மேல் தட்டில் இருக்கிறது. தாளின் மேல் மூன்று புள்ளி, ஒரு கோடு.