பதினோரு மணிக் கூழ்

எனக்குக் கோபம் பிறவியிலேயே உண்டு. அதை மறைத்து எழுதினால் என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். ஆனால் கல்யாணமான இரண்டாம் வருஷம் எனக்கு வந்தது வேறு ஏதோ ஒன்று. அது என்னவென்று அப்போது புரியவில்லை. இப்போதும் முழுசாகப் புரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

யுத்த காலம். என் வீட்டுக்காரர் கீரனூரிலிருந்து திருச்சி போகும் பஸ்ஸில் கண்டக்டர். பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடின. பின்னால் இருக்கும் பெரிய உருளையில் கரியைக் கொட்டி மூட்டினால், அது மனசு வைத்தால், வண்டி நகரும். விடியற்காலையில் போகிறவர் பன்னிரண்டு மணிக்குச் சாப்பிட வரவேண்டும். ஒரு மணிக்கும் வருவார், நாலு மணிக்கும் வருவார். வண்டி அடியோடு படுத்துவிட்டால் திருச்சி ஷெட்டிலேயே தங்கிவிடுவார். வேறு வண்டி டிரைவர் யாராவது தகவல் சொல்லிவிட்டுப் போவார்.

காலையில் ஒரு செம்பு நீராகாரம் குடிப்பதோடு சரி. மத்தியானம் அவர் சாப்பிட்ட பிறகு அதே இலையில் நான் சாப்பிடுவேன். யாரும் மிரட்டி வைத்த சட்டமில்லை. என் அம்மா அப்படித்தான் சாப்பிட்டாள், நானும் அப்படியே.

பொழுது உச்சியைத் தாண்டினால் கை நடுங்கும், முதுகெல்லாம் வேர்க்கும், நெஞ்சு படபடக்கும். அவர் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கும்போது எரிச்சல் தலைக்கேறி நிற்கும். குழம்பை இலைக்கு வெளியே ஊற்றுவேன். போட்டதை மறந்து மோரில் மூன்று தடவை உப்புப் போடுவேன். “என்ன இன்னிக்கு?” என்று அவர் கேட்டால் அவ்வளவுதான், பிடிபிடியென்று பிடித்துக்கொள்வேன். அவர் வராத நாட்களிலோ நானும் மாமியாரும் நேரத்தோடு சாப்பிட்டுவிடுவோம். நடுக்கமும் இல்லை, படபடப்பும் இல்லை.

இதை நான் கவனித்துவிட்டேன். கவனித்ததுதான் வினை. அவர் வந்தால் உடம்பு பதறுகிறது, வராவிட்டால் சுகமாக இருக்கிறது. அப்படியானால் எனக்கு இவரைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டினேன். பிடிக்காமல் போக அவர் என்ன செய்தார் என்று யோசித்தால் ஒன்றும் அகப்படவில்லை. குடிப்பதில்லை, கை நீட்டியதில்லை. திருச்சியில் தையல் நூல் வாங்கச் சொன்னால் நிறம் தப்பாமல் வாங்கி வருவார். பிறகு ஏன் என் உடம்பு இவரை வேண்டாம் என்கிறது? குழம்பிப் போனேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் அவர் வந்தபோது மணி நாலு. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண் மங்கியது. அவர் ஒரு செருப்பைத்தான் கழற்றியிருந்தார்.

“நீங்க வராத நாள்லதான் எனக்கு நிம்மதியா இருக்கு.”

கழற்றிய செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் இனிமேல் ஷெட்டிலேயே தங்கிக்கொள்வதாக மறுநாள் டிரைவர் வந்து சொன்னார். வண்டி தினமும் கீரனூர் வந்து போனது. அவர்தான் வீட்டுக்கு வரவில்லை.

நான் சொன்னது எனக்கே அரைகுறையாகத்தான் ஞாபகம் இருந்தது. மாமியார்தான் ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொன்னார். வெட்கமாக இருந்தது. எப்படியும் வந்துவிடுவார் என்று சாப்பிடாமல் தினமும் காத்திருந்தேன். நாலாம் நாள் கிணற்றடியில் மயங்கி விழுந்தேன். அவர் இல்லாமலும் உடம்பு நடுங்கியது. என் கணக்கு உதைத்தது.

அக்கம்பக்கத்துப் பெண்கள் நான் முழுகாமல் இருப்பதாகவே தீர்மானித்துவிட்டார்கள். மாமியாரின் கோபம் போன இடம் தெரியவில்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் நாடி பார்த்துவிட்டுப் பிள்ளை இல்லை என்றார்.

“மத்தியானம் எப்ப சாப்பிடுவீங்க?”

“அவுக வந்ததும்.”

“அவர் எப்ப வருவார்?”

“அது கரியப் பொறுத்ததுங்க.”

டாக்டர் சிரிக்கவில்லை. ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போகிறது, சிலர் உடம்பு அப்படி என்றார். காலையில் நீராகாரத்தோடு நிற்காமல் பழைய சோறும் சாப்பிட வேண்டும். பதினோரு மணிக்குக் கேப்பைக்கூழ், சாயங்காலம் ஒரு கை வறுத்த கடலை. மருந்து எதுவும் தரவில்லை.

“வெல்லத்தக் கடிச்சா நல்லாருக்குங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி மோசமாயிருது,” என்றேன்.

“வெறும் வெல்லம் தூக்கிவிட்டுக் கீழ போட்டுரும். நடுக்கம் வந்தா ஒரு துண்டு போட்டுக்குங்க, கையோட கூழும் குடிச்சிருங்க.”

மாமியாருக்குத் தாங்கவில்லை. “புருசன் வாரதுக்கு முன்னாடியா?”

“முன்னாடிதாம்மா.”

மறுநாள் பதினோரு மணிக்கு மாமியார் கூழை என் முன்னால் டக்கென்று வைத்தார். “குடி. எம்மகனை வெரட்டுனது ஒன் வாயா, வயிறான்னு பாப்பம்.”

பத்து நாள் குடித்தேன். நடுக்கம் நின்றது. கோபம் நிற்கவில்லை, அது என் சொந்தச் சொத்து. டாக்டர் சொன்னதை மாமியார் டிரைவரிடம் சொல்லியனுப்பியும் என் வீட்டுக்காரர் அசையவில்லை. ஷெட்டிலேயே காலத்தை ஓட்டிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. எனக்கோ அதற்கு மேல் குழப்பம். அந்த வார்த்தை பசியுடையதா, என்னுடையதா? அவர் இல்லாத வீட்டில் வேளைக்குக் குடித்துச் சுகமாகத்தானே இருக்கிறேன்? உடம்பை நம்பி ஒரு தரம் ஏமாந்தவள் இனி எதை நம்புவது?

பதினோராம் நாள் கூழைக் குடித்து, சாயங்காலத்துக் கடலையையும் அப்போதே தின்றுவிட்டு அரைமணி நேரம் சும்மா உட்கார்ந்தேன். கை நடுங்கவில்லை. அவர் வர வேண்டுமா, வேண்டாமா என்று என்னையே கேட்டேன். பதில் வருவதற்குள் எழுந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு நடந்துகொண்டிருந்தேன்.

டிக்கெட் பையோடு படியில் நின்றிருந்தார். முகமெல்லாம் கரி.

“நான் சாப்புட்டுட்டுத்தான் வந்திருக்கேன்,” என்றேன். “கையப் பாருங்க, நடுங்கல. இப்பச் சொல்றேன், வீட்டுக்கு வாங்க.”

அவர் என் கையைப் பார்த்தார்.

“என்ன சாப்புட்ட?”

“கூழும் கடலையும்.”

“சாயங்காலம் வாரேன். எனக்காகக் காத்திருக்காத, சாப்புட்டுரு.”

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. எதற்கு அழுகிறேன் என்று தெரியவில்லை. பசியினால் இல்லை என்பது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.