பச்சை ரப்பர் பேண்டு

கும்மிடிப்பூண்டியில் ஃபிரிட்ஜ் செய்யும் கம்பெனி ஒன்றில் மெர்சிக்கு ஒரே வேலை, கதவில் கரண்ட் செலவைக் காட்டும் ஸ்டார் லேபிள் ஒட்டுவது. ஆறு வருஷமாக கான்ட்ராக்ட். நிரந்தரம் ஆகிறவர்களின் பட்டியல் திங்கட்கிழமை வருகிறது, அதில் அவள் பெயரும் இருக்கிறது என்று சூப்பர்வைசர் சரவணகுமாரே காதில் போட்டுவைத்திருந்தார்.

பொன்னேரியில் அவள் தெருக்காரர்கள் மெர்சியைக் கேட்காமல் ஃபிரிட்ஜ் வாங்கமாட்டார்கள். "ஸ்டார மட்டும் எண்ணாதக்கா. வருஷத்துக்கு எத்தினி யூனிட்டுன்னு போட்டுகீது பாரு, அதப் படி" என்று பக்கத்து வீட்டு ஞானம்மாவுக்குப் பாடமே எடுத்திருக்கிறாள்.

அப்படிப்பட்டவள் வேலையில் லேபிளைப் படிப்பதே இல்லை. ஓடுகிற லைனில் அதற்கு ஏது நேரம்? பச்சை ரப்பர் பேண்டு போட்ட சுருள் ஐந்து ஸ்டார், வெறும் சுருள் மூன்று ஸ்டார். கை பழகிவிட்டது.

வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு, வேர்வையில் ஒட்டிய முடியை ஒதுக்கப் போன விரலில் ரப்பர் பேண்டு தட்டுப்பட்டது. டீ நேரத்தில் முடியைக் கட்ட அவளே சுருளிலிருந்து உருவிய பச்சை ரப்பர் பேண்டு. அப்படியென்றால் டீக்குப் பிறகு எடுத்தாளே, அந்த வெறும் சுருள்?

எடுத்துப் பார்த்தாள். ஐந்து ஸ்டார். மூன்று ஸ்டார் ஃபிரிட்ஜ் நாற்பத்திரண்டு அந்த லேபிளோடு லாரியில் ஏறியிருந்தன.

சொன்னால் திங்கட்கிழமை போச்சு. சொல்லாவிட்டால் ஒரு ஈ காக்கைக்கும் தெரியாது. பாழாய்ப்போன முடி! டிரைவர் வண்டியைக் கிளப்பும் சத்தம் கேட்டதும் ஓடினாள்.

"சார், வண்டிய நிறுத்துங்க! லேபிள மாத்தி ஒட்டிட்டேன்."

லாரிப் பக்கம் நின்றிருந்த சரவணகுமார் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னா மெர்சி, பேஜாரு பண்ற? அதெல்லாம் எவன் படிக்கிறான்? வாய மூடிக்கினு போ. திங்கக்கெழம லிஸ்ட்டு வருதில்ல?"

"எங்க தெருவுல படிக்கிறாங்க சார். நான்தான் படிக்கச் சொன்னேன்."

சொல்லிவிட்டு லாரிக்கு முன்னால் போய் நின்றாள்.

நாற்பத்திரண்டு பெட்டிகளையும் இறக்கிப் பிரித்தார்கள். நகம் பிய்ந்து எரிய எரிய ஒவ்வொரு லேபிளையும் அவளே உரித்தாள்.

திங்கட்கிழமை பட்டியலில் அவள் பெயர் இல்லை. பாத்ரூமில் போய் அழுதாள். முகம் கழுவிக்கொண்டு வந்து, ஒவ்வொரு லேபிளாகப் படித்துப் படித்து ஒட்டினாள்.

அன்று சாயங்காலமே ஞானம்மா அவளைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். மெர்சியின் கம்பெனி ஃபிரிட்ஜ் ஒன்றின் முன்னால் குனிந்து, யூனிட்டை எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

"இது நீ ஒட்னதா?"

"ஆமாக்கா."

"அப்பன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள் ஞானம்மா.