கல்முகம் தண்ணீர் துப்பிய நாள்

அந்த ஊரில் பிளம்பர் கால் வைக்காத தெரு கிடையாது. முப்பத்தெட்டு வருஷத்தில் ஊரின் பாதிக் குளியலறைகளுக்குள் போய் வந்துவிட்டார். ஆட்களை அவர் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதே இல்லை. "ஃப்ளஷ் டேங்க் ஒழுகுற டாக்டர்", "சிங்க்ல முடி அடைச்சுக்கற டீச்சர்" என்றுதான் சொல்வார். அவர் மனைவிக்கும் அது புரியும். ஆனால் ஊர் எல்லையைத் தாண்டி அவர் போனதை விரல் விட்டு எண்ணிவிடலாம். அதிலும் இரண்டு தடவை பம்ப் வாங்கப் போனது.

மனைவி நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவு வார்டில் முப்பத்தொரு வருஷம் நின்றவர். நிஜமாகவே நின்றவர்தான், உட்கார நேரம் கிடைத்ததில்லை. ஓய்வு பெற்ற மறு வாரமே ஒரு சுற்றுலாக் கம்பெனியின் மடிப்புத் தாளைச் சாப்பாட்டு மேஜைமேல் விரித்து வைத்தார். எட்டு நாள், ஒரே பஸ், கூடவே ஒரு கைடு, நாலு பழைய நகரங்கள்.

"இடிஞ்சு போன கட்டடத்தப் பாக்க இவ்வளவு தூரம் போகணுமா? நான் தினமும் அதத்தான பாக்கறேன்," என்றார் பிளம்பர்.

"நீங்க பாக்கறது நேத்து கட்டி இன்னிக்கு இடிஞ்சது. இது ஆயிரம் வருஷத்துக்கு முந்தினது."

"ஃபோன் வந்துகிட்டே இருக்கும்மா."

"வரட்டும். எட்டு நாள் ஒழுகினா ஊரு ஒண்ணும் முழுகிடாது. ரெண்டு டிக்கெட் போட்டாச்சு."

கருவிப் பையைத் தொடவே கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார். நல்ல பிள்ளையாகத் தலையாட்டிய பிளம்பர், புறப்படும் காலையில் டார்ச்சையும் மூன்று மீட்டர் டேப்பையும் மட்டும் கால்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். அவை இரண்டும் இல்லாமல் வெளியே போனால் அவருக்குச் செருப்பில்லாமல் நடப்பது மாதிரி இருக்கும்.

பஸ்ஸில் இருபத்தாறு பேர். கைடு, ஐம்பதை நெருங்கும் ஓர் அம்மாள். கையில் மஞ்சள் கொடி, கழுத்தில் விசில். பத்தொன்பது வருஷமாக அதே பாதையில் ஆட்களைக் கூட்டிப் போகிறவர். எந்த வளைவில் எந்தக் கதையை எடுத்தால் எந்த வாசலில் போய் முடியும் என்பது அவருக்கு அத்துப்படி. முதல் நாள் முழுக்க ராஜாக்கள் ஒருவர் பின் ஒருவராகப் பட்டத்துக்கு வந்துகொண்டிருந்தார்கள். பிளம்பர் ஜன்னலில் தலையைச் சாய்த்து, நாலாவது ராஜாவின் ஆட்சியில் தூங்கிப்போனார்.

மறுநாள் காலை முதல் நகரம். மிச்சமிருந்தது ஓர் அரண்மனையின் தரையும் இடுப்பளவுச் சுவர்களும்தான். ராணிகள் தங்கிய பகுதி என்று கைடு அம்மாள் கொடியால் காட்டியதும் எல்லாருடைய செல்ஃபோனும் அந்தப் பக்கம் திரும்பியது. வரிசையின் கடைசியில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த பிளம்பரின் கண், சுவரோரம் ஒரு கல் விலகியிருந்த இடத்தில் விழுந்தது. உள்ளே சிவப்பாக, வளைவாக ஏதோ தெரிந்தது. குனிந்தார். பிறகு மண்டியிட்டார். பிறகு, போட்டிருப்பது வெள்ளைச் சட்டை என்பதையும் மறந்து குப்புறப் படுத்துவிட்டார்.

சுடுமண் குழாய். முழங்கை நீளத் துண்டுகள். ஒன்றின் குறுகிய வாயை அடுத்ததன் அகன்ற வாய்க்குள் செருகி, சேரும் இடத்தில் சுண்ணாம்பு வைத்துப் பூசியிருந்தார்கள். டார்ச்சை அடித்துப் பார்த்தார். குறுகிய வாய் எல்லாம் தண்ணீர் ஓடும் திசையைப் பார்த்தே இருந்தது. மாற்றிப் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் கசியும். அவரிடம் வேலை செய்த பாதிப் பேர் இன்றைக்கும் மாற்றித்தான் போடுவார்கள்; அவரும் தொண்டை வறளக் கத்தியிருக்கிறார்.

டார்ச்சை அணைக்காமலே திரும்பிக் கூப்பிட்டார்.

"ஏம்மா, இங்க வா. சீக்கிரம் வா."

கணவர் தரையில் கிடப்பதைக் கண்டு நர்ஸம்மா பதறி ஓடி வந்தார். வந்த வேகத்தில் கை தானாக அவர் நாடியைத் தேடியது.

"எனக்கு ஒண்ணும் இல்ல. இதப் பாரு. நம்மாளு போட்டிருக்கான்."

"யாரு நம்மாளு?"

"பிளம்பரு. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால ஒருத்தன் இதே எடத்துல என்னை மாதிரியே படுத்திருக்கான்."

அதற்குள் விசில் ஊதியது. "சார், அங்கல்லாம் படுக்கக் கூடாது," என்றார் கைடு அம்மாள். இருபத்தைந்து பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டவரின் முகத்தில் அசட்டுச் சிரிப்பு இருந்ததே தவிர, வெட்கம் துளியும் இல்லை.

அன்றிலிருந்து ஆளே மாறிப்போனார். பஸ் நிற்பதற்கு முன்பே படியில் நின்றார். அடுத்த நகரத்தில் அவர் குனிந்து பார்க்காத பொந்து இல்லை. ஒவ்வொரு தெருவின் ஓரத்திலும் கல் மூடிய சாக்கடை, வீட்டுக்கு வீடு அதில் வந்து சேரும் கிளை வாய்க்கால், வண்டல் தங்குவதற்கென்று நடுநடுவே ஒரு குழி. பஸ்ஸில் பைனாகுலரோடு வந்திருந்த கணக்கு வாத்தியார் சும்மா ஒரு கேள்வி கேட்கப் போக, பிளம்பர் டேப்பை நீட்டி, இத்தனை அடிக்கு இத்தனை விரல்கடை வாட்டம் என்று காட்டினார். தண்ணீர் தானாக ஓடுவதற்குத் தரையில் கொடுக்கும் சரிவைத்தான் அந்தத் தொழிலில் வாட்டம் என்பார்கள். வாத்தியார் அதைக் காகிதத்தில் போட்டுப் பார்த்துவிட்டு, "கச்சிதமா வருதே," என்று வாய் பிளந்தார். கொஞ்ச நேரத்தில் பாதிக் கூட்டம் இவர் பின்னால் நின்றது. மஞ்சள் கொடிக்குக் கீழே பத்துப் பேர்கூட இல்லை.

"இது டூரா, ட்ரெய்னேஜ் ஆபீஸா?" என்று கைடு அம்மாள் டிரைவரிடம் சொன்னது எல்லார் காதிலும் விழுந்தது.

நர்ஸம்மாவின் காதிலும்தான். சாயங்காலம் ஹோட்டல் அறைக்கு வந்ததும், ஈரத் துண்டை நாற்காலியில் விரித்துக்கொண்டே பேச ஆரம்பித்தார். குரலை உயர்த்தவில்லை. அதுதான் பிளம்பருக்குப் பயமாக இருந்தது.

"எங்க வார்டுல, இன்னிக்குப் பாத்த தூண் மண்டபத்தோட படம் போட்ட பழைய காலண்டர் ஒண்ணு இருந்துது. நைட் டூட்டியில அதையேதான் பாத்துக்கிட்டு இருப்பேன். அந்தத் தூண் மண்டபத்துக்கு முன்னால நாம ரெண்டு பேரும் நின்னு ஒரு ஃபோட்டோ எடுக்கணும்னு எத்தன வருஷமா நெனச்சிருப்பேன். இன்னிக்கு அங்க நின்னேன். நீங்க எங்க இருந்தீங்க?"

சாக்கடைக்குள் இருந்தேன் என்று எப்படிச் சொல்வது?

"தப்புதான்மா," என்றார் பிளம்பர். "நாளைக்கு ஒரு ஓட்டையக்கூடப் பாக்க மாட்டேன்."

சொன்னபடியே மறுநாள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கைடு அம்மாளுக்கு நேர் எதிரே நின்றார். அது ஒரு மலைக்கோட்டை. இருநூறு படி ஏறி வந்தால் நாலு பக்கமும் மண்டபம் சூழ்ந்த பெரிய முற்றம். வெளிச்சுவரில் யாளி மாதிரி வாயைப் பிளந்த ஒரு கல்முகம். எதிரிகள் மிரண்டு ஓட வேண்டும் என்று ராஜா வைத்த முகம் அது என்று கைடு அம்மாள் கண்ணை உருட்டிச் சொன்னார். பிளம்பர் அந்த வாயைப் பார்த்தார். உதட்டுக்கு அடியில் கல் தேய்ந்து வழவழவென்று இருந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தவர் மனைவியைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

மண்டபத்துக்குள் போய்ப் பத்து நிமிஷம் ஆகியிருக்காது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது.

முற்றம் தொட்டி மாதிரி நிரம்ப ஆரம்பித்தது. கணுக்கால், பிறகு அரை முழங்கால். வெளியே போக இருந்த ஒரே வாசல் முற்றத்தின் எதிர்ப்புறம். கூட்டத்தில் மூட்டு வலிக்கார அக்கா தங்கை இருவர். ஊன்றுகோல் இல்லாமல் நடக்க முடியாதவர்கள்; இருநூறு படியையும் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறியிருந்தார்கள். தண்ணீருக்கு அடியில் கல் எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது என்று தெரியவில்லை. கைடு அம்மாள் கோட்டைக் காவலாளியைப் பிடித்தார்.

"இது எப்பவும் இப்படித்தான் மேடம்," என்றார் அவர். "ரெண்டு நாள் நிக்கும். அப்புறம் மோட்டார் வச்சு எறைப்போம்."

மழை விட்டது. தண்ணீர் விடவில்லை. பிளம்பர் கட்டிய கையை அவிழ்க்காமல் முற்றத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மிதந்துகொண்டிருந்த சருகுகள் எல்லாம் மெதுவாக, மிக மெதுவாக, ஒரே மூலையை நோக்கி நகர்வதைக் கண்கள் பின்தொடர்ந்தன. வாக்குக் கொடுத்த மனுஷன்.

நர்ஸம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். கட்டிலில் படுத்துக்கொண்டு வலிக்கவில்லை என்று சாதிக்கும் நோயாளிகள் எத்தனை பேரைப் பார்த்தவர்.

"என்னங்க, சும்மா நின்னா எப்படி? போங்க," என்றார்.

"போகட்டுமா?"

"போங்கன்னா."

அவ்வளவுதான். கால்சட்டையை முழங்காலுக்கு மேலே சுருட்டிக்கொண்டு பிளம்பர் தண்ணீரில் இறங்கிவிட்டார். "எந்தக் கல்லையும் அசைக்காதீங்க சார், என் வேலை போயிடும்," என்று பின்னாலேயே காவலாளியும் இறங்கினார். பிளம்பர் மூலைக்குப் போய்க் காலால் துழாவினார். சேறு. குனிந்து கையால் வாரினார். பிளாஸ்டிக் கவர்கள், நசுங்கிய பாட்டில், ஒரு பிள்ளையின் ஒற்றைச் செருப்பு. எல்லாம் வந்த பிறகு உள்ளங்கைக்குப் பூ மாதிரி செதுக்கிய ஒரு கல் சல்லடை தட்டுப்பட்டது. அதன் நடுத் துளை ஒரு கை நுழையும் அகலம். ஆனால் அவர் கை நுழையவில்லை. முப்பத்தெட்டு வருஷம் ஸ்பேனர் பிடித்துத் தடித்த கை.

பக்கத்தில் தண்ணீர் சலசலத்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நர்ஸம்மா வந்து நின்றார்.

"தள்ளுங்க. என் கை ஒல்லி."

கையைத் தோள் வரைக்கும் துளைக்குள் விட்டார். முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, கண்ணை மூடி, விரல்களால் மட்டும் பார்த்தார். "வேரு மாதிரி இருக்கு. உருண்டையா. நரம்பு நரம்பா ஓடுது."

"இழுக்காத, திருப்பு. திருப்பித் திருப்பி எடு."

"எனக்குச் சொல்லித் தர்றீங்களா?" என்றவர் ஒரு திருப்புத் திருப்பினார். பூசணிக்காய் அளவுக்கு வேரும் நூலும் கவருமாக ஒரு பந்து கையோடு வந்தது.

ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு காலுக்கடியில் எங்கேயோ ஆழத்தில் 'குடுக்' என்று ஒரு சத்தம். இன்னொன்று. அப்புறம் முற்றத்துத் தண்ணீர் முழுக்க அந்த மூலைக்குத் திரும்பி, சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. பிளம்பர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு குதித்தார். அறுபத்தொரு வயது ஆள் தண்ணீருக்குள் குதிப்பதைப் பார்த்து மண்டபத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள்.

முற்றம் வடிந்து முடியும்போது மதில் பக்கமிருந்து கைடு அம்மாளின் குரல் கேட்டது. "எல்லாரும் இங்க ஓடி வாங்க. சீக்கிரம்."

ஊன்றுகோல் அக்காவும் தங்கையும்கூட வடிந்த தரையில் நடந்து வந்துவிட்டார்கள். வெளிச்சுவரின் கல்முகம் தண்ணீர் கக்கிக்கொண்டிருந்தது. முதலில் கறுப்புச் சேறாக, பிறகு பழுப்பாக, பிறகு தெளிவாக. அது விழுந்த இடத்தில் ஒரு தொட்டி. தொட்டி நிரம்பி அடுத்த தொட்டிக்கு, அங்கிருந்து படியோரக் கால்வாய்க்கு, அது வளைந்து வளைந்து கீழே காய்ந்து கிடந்த குளத்துக்கு. படிக்கட்டை அலங்கரிக்க வெட்டியது என்று எல்லாரும் நினைத்திருந்த கோடு, இப்போது வெள்ளிக் கம்பி மாதிரி மின்னிக்கொண்டு மலையிறங்கியது.

காவலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "எங்கப்பா காலத்துலயும் இது வந்ததில்ல சார்."

கைடு அம்மாள் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்முகத்தை அண்ணாந்து பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. "பத்தொன்பது வருஷமா எதிரிய மெரட்டற மூஞ்சின்னு சொல்லிக்கிட்டு இருந்தேனே. முன்னாடியே நீங்களாவது சொல்லக் கூடாதா சார்?"

"இன்னிக்குத்தான மேடம் நான் அதப் பாத்தேன்," என்றார் பிளம்பர். "ஒதட்டுக்குக் கீழ தேஞ்சிருந்துது. தண்ணி ஓடாம கல்லு அப்படித் தேயாது."

கணக்கு வாத்தியார் ஃபோட்டோ எடுத்தார். கல்முகத்துக்குக் கீழே கணவனும் மனைவியும். இருவரும் இடுப்பு வரைக்கும் சேறு, நர்ஸம்மாவின் கையில் இன்னும் அந்த வேர்ப் பந்து. காலண்டர் படத்துக்கும் இதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனால் வீட்டுக் கூடத்தில் இன்றைக்கு மாட்டியிருப்பது இதுதான்.

மிச்ச நாட்களில் கைடு அம்மாள் தினமும் பத்து நிமிஷம் மைக்கை அவரிடம் கொடுத்தார். முதல் தடவை பிளம்பருக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வணக்கம் சொல்லிவிட்டு வெகு நேரம் இருமினார். மூன்றாவது நாள் அவர் கையிலிருந்து மைக்கைப் பிடுங்க வேண்டியிருந்தது.

திரும்பி வரும் வழியில், பஸ் சமவெளியில் வேகமெடுத்தபோது, நர்ஸம்மா முன் இருக்கைக்குக் குனிந்து கைடு அம்மாளிடம் கேட்டார். "ஏம்மா, அந்தக் காலத்து ஆஸ்பத்திரி எங்கயாவது இருக்கா? எடம் மட்டும் இருந்தாக்கூடப் போதும்."

"ஒண்ணு இருக்கு மேடம். கொஞ்சம் தூரம். சின்னச் சின்ன ரூமா அடித்தளம் இருக்கு, மருந்து அரைச்ச கல்லு இருக்கு. ஒரு ஆளு படுக்கற மாதிரி கல் தொட்டி ஒண்ணு. மருந்துத் தண்ணியில நோயாளியப் படுக்க வைப்பாங்களாம்."

நர்ஸம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். எத்தனை அறை, கதவு எவ்வளவு அகலம், நோயாளியைத் தொட்டியில் எந்தப் பக்கமிருந்து இறக்கியிருப்பார்கள் என்று அடுக்கிக்கொண்டே போனார். கைடு அம்மாள் நோட்டை எடுத்துக் குறித்துக்கொள்ள ஆரம்பித்தார்.

பிளம்பர் தொண்டையைக் கனைத்தார். "அந்தத் தொட்டிக்கு வடிகால் எந்தப் பக்கம் மேடம்?"

நர்ஸம்மா திரும்பி ஒரு பார்வை பார்த்தார்.

"சரி, சரி. நீ கேளு," என்று அவர் ஜன்னல் பக்கம் நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்.