சங்கரபாண்டியின் சப்பான் சோற்றுருண்டை

அச்சன்புதூர்ச் சங்கரபாண்டி பன்னிரண்டு வருஷம் பினாங்கில் ஒரு சப்பான்காரர் வீட்டில் சமையல்காரராக இருந்தவர். எஜமானருக்குப் போட்டோ பிடிக்கும் தொழில். 1935-ல் சங்கரபாண்டி ஊர் திரும்பியபோது, பெட்டி நிறையத் தங்கம் இருக்கும் என்று சொந்தக்காரர்கள் எட்டி எட்டிப் பார்த்தார்கள். இருந்தது காய்ந்த மீன் சீவும் ஒரு சீவுகட்டையும், கறுப்பாக உப்புக் கரிக்கும் சோயாச் சாறு நாலு புட்டியும்தான்.

அன்று முதல் அடுப்படி அவர் மனைவி குருவம்மாள் கையை விட்டுப் போயிற்று. மனுஷர் கத்தரிக்காயைச் சீவி மாவில் முக்கிப் பொரித்து 'தெம்புரா' என்றார். மாவைக் குளிர்ந்த தண்ணீரில் அரைகுறையாகத்தான் கலக்க வேண்டுமாம். "பஜ்ஜிக்குச் சட்டையச் சரியா மாட்டலியே" என்றாள் குருவம்மாள். சொல்லிக்கொண்டே ஏழு தின்றாள். முட்டையை மெல்லிசாக ஊற்றிச் சுருட்டி, மேலேயே இன்னொரு தடவை ஊற்றிச் சுருட்டினார். அதுவும் தேறிவிட்டது. மொச்சையைப் புளிக்கவைத்து மிசோ என்கிற விழுது செய்யப் போனதுதான் வம்பு. ஜாடி அடித்த நாற்றத்தில், எலி செத்துக் கிடக்கிறதென்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கூரை ஓட்டைப் பிரித்துத் தேடினார்கள்.

புட்டிகள் தீர்ந்த பிறகும் அவர் விடாதது சோற்றுருண்டை. ஒனிகிரி என்பார். உப்புத் தண்ணீர் தொட்ட கையால் சுடுசோற்றை அழுத்தி உருட்டி, நடுவில் சீவிய மாசிக் கருவாடு வைப்பார். சப்பான்காரர்கள் கட்டை மாதிரிக் காயவைத்துச் சீவுகிற மீனும், தென்காசிச் சந்தைக்கு வருகிற மாசியும் கூடப்பிறந்தவை என்பது அவருடைய கண்டுபிடிப்பு. உருண்டையின் மேலே வறுத்த கறுப்பு எள்.

இந்தச் சமயத்தில் மகள் வடிவுக்குக் கீழப்பாவூரிலிருந்து வரன் வந்தது. மாப்பிள்ளை முத்துராமலிங்கம் போலீஸ்காரன். பண்பொழித் திருமலைக் கோயிலில் அவனைப் பார்த்த நாளிலிருந்து வடிவுக்கு வேறு யார் பேச்சும் காதில் ஏறவில்லை. முட்டுக்கட்டை அவன் அம்மா பேச்சித்தாய்தான். அவள் புருஷனின் திதிக்கு வைத்த பிண்டத்தை மூன்று வருஷமாக ஒரு காக்கைகூடத் தொடவில்லை. அவர் மனசு குளிராமல் கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று இரண்டு சம்பந்தங்களைத் தட்டிக்கழித்திருந்தாள்.

ஆனிச் சாரலில் குற்றாலத்துக்குக் குளிக்க வருவதுபோல வந்து பெண்ணைப் பார்ப்பதாக ஏற்பாடு. சாப்பாடு தன் பொறுப்பு என்றார் சங்கரபாண்டி.

"பேசி முடிக்காம பொண்ணு வீட்டுச் சோத்துல கை நனைக்க மாட்டாவ. எதுக்கு இந்த வேல?" என்றாள் குருவம்மாள்.

"அருவியில நின்னுட்டு வந்தா பசி சும்மா விடுமா? தின்னுட்டா சம்மதம்னு அர்த்தம்ட்டி!"

அருவியில் குளித்து, தலை துவட்டி, எல்லோரும் மண்டபத்தில் உட்கார்ந்தார்கள். சங்கரபாண்டி பெருமையாகத் தகரப் பெட்டியைத் திறந்து இலையில் உருண்டைகளை அடுக்கினார். வெள்ளைச் சோறு, மேலே கறுப்பு எள். பேச்சித்தாய்க்கு முகம் இருண்டது.

"ஏன் அண்ணாச்சி, நல்ல காரியம் பேச வந்த எடத்துல பிண்டமா உருட்டி வச்சிருக்கிய?"

சங்கரபாண்டிக்கு அப்போதுதான் உறைத்தது. பன்னிரண்டு வருஷம் உருட்டிய கைக்கு இது ஒரு நாளும் தோன்றவில்லையே! மகளின் வாழ்க்கையைத் தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டார். பேச்சித்தாய் சேலையை உதறி எழுந்தாள். வடிவு அழுதுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மண்டபத்துக்குள் ஒரு காக்கை பாய்ந்து, ஓர் உருண்டையைக் கவ்விக்கொண்டு தூண் ஓரம் போய்க் கொத்தியது. கத்திக் கூப்பிட்டது. இன்னும் இரண்டு வந்தன. எள்ளை உதிர்த்து, சோற்றைக் கிளறி, அடித்துப் பிடித்துத் தின்றன.

பேச்சித்தாய் நின்ற இடத்திலேயே நின்றாள். "வந்துட்டாவ..." என்றாள். பிறகு மெதுவாகத் திரும்பி, "உள்ளுக்குள்ள என்ன வச்சிய அண்ணாச்சி?"

பேசாமல் இருந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் சோற்று விஷயத்தில் சங்கரபாண்டிக்குப் பொய் வராது. தலையைக் குனிந்துகொண்டு, "மாசி, தாயி" என்றார். "அந்த வாடைக்குத்தான் வந்திருக்கு."

"மாசியா?" பேச்சித்தாய் கண்ணைத் துடைத்தாள். துடைக்கும்போதே சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது. "மாசி இல்லாம ஒரு வாய் சோறு எறங்காதே அவுகளுக்கு! நான் மூணு வருசமா வெறுஞ்சோத்தப் போட்டுட்டு, காக்கா வரலியேன்னு அழுதுட்டுல்லா கெடந்தேன்!"

உட்கார்ந்தாள். இலையிலிருந்து ஓர் உருண்டையை எடுத்துக் கடித்தாள். குருவம்மாள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பேச்சித்தாய் நிதானமாக மென்று விழுங்கினாள்.

"கல்யாணத்துக்கு உருட்டும்போது மாசியக் கொஞ்சம் கூடுதலா வையுங்க அண்ணாச்சி."