மேல் பல்லுக்கு வந்த பழி

பிள்ளைகளே, உங்கள் நைனா பல்வலி என்று நடித்ததாக நம் ஹவுசிங் போர்டில் இன்றைக்கும் ஒரு பேச்சு உண்டு. நீங்களும் அன்று சிரித்தீர்கள். உண்மையில் தப்பு செய்தது என் மூளை. அதை உங்களுக்கு எழுதி வைத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

வலது பக்கம், மேல் கடைவாய்ப் பல். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டு கேட்டில் உட்கார்ந்து டிரெய்லர்களை உள்ளே விடுவதுதான் என் வேலை. அந்த வாரம் முழுக்க ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் வண்டி ரிஜிஸ்டர் எழுதினேன். ஞாயிற்றுக்கிழமை நம் ஏரியா டீமுக்கு ஃபுட்பால் ஃபைனல். தொண்டை கிழியக் கத்தினேன். வலி இருந்த இடமே தெரியவில்லை. கடைசி விசில் ஊதியதும், வீட்டு மாடிப்படி ஏறுவதற்குள் வலி திரும்ப வந்துவிட்டது.

வாசலிலேயே உங்கள் அம்மா மடக்கினாள்.

"மேட்ச் பாக்கசொல்லோ மட்டும் பல்லு கம்முனு இருந்துச்சா? தண்ணி புடிச்சாரச் சொன்னா வலிக்குதா?"

"நெஜமாவே வலிக்குதும்மே."

"ரொம்ப வெவரமான பல்லுய்யா. எப்ப லீவு எடுக்கணும்னு தெரிஞ்சு வெச்சுக்கினு கீது."

அப்போதுதான் முடிவு செய்தேன். பல்லைப் பிடுங்கி, காகிதத்தில் மடித்து வந்து அவள் கையில் வைத்தால்தான் நம்புவாள். கேட்டில் என்னோடு வேலை செய்கிற தோஸ்து இதற்குத் தூபம் போட்டான்.

"எது வலிக்குதுன்னு உனக்குத் தெரியாதா மாமு? இதான்னு காட்டு, புடுங்கினு வா. டாக்டர் பேச்சைக் கேட்டா இழுத்துக்கினே போவும்."

எம்.கே.பி. நகர் பல் டாக்டர் சின்ன வயதுப் பெண். வாயைத் திறந்து மேல் பல்லைக் காட்டி, "இதப் புடுங்கிடுங்க மேடம்" என்றேன். அவர் அதன் மேல் பஞ்சில் ஏதோ சில்லென்று வைத்தார். ஒன்றுமில்லை. அடுத்து கீழ்ப் பல்லில் வைத்தார். நாற்காலியை விட்டு எகிறினேன். கத்திக்கொண்டே நான் பிடித்தது மேல் பல்லை.

"கீழதான் வெச்சேன். நீங்க ஏன் மேல பிடிச்சிட்டுக் கத்துறீங்க?"

"மேலதான் வலிக்குது மேடம். என் பல்லு எனக்குத் தெரியாதா?"

"உங்க மூளைக்குத் தெரியலையே அண்ணா."

மேல் தாடை, கீழ் தாடை இரண்டின் சேதியும் ஒரே நரம்பில் சேர்ந்து, மூளையின் அடிப்பக்கம் ஒரே இடத்துக்குப் போகிறதாம். எங்கிருந்து வந்தது என்று சில சமயம் மூளை குத்துமதிப்பாகத்தான் சொல்கிறதாம். எனக்கு உடனே புரிந்தது. எங்கள் கேட்டிலும் இரண்டு ரோடு வந்து சேர்கிறது. நெரிசலில் எந்த லாரி எந்த ரோட்டில் வந்தது என்று எவன் இறங்கிப் பார்க்கிறான்? நாற்காலியில் இருந்தபடியே எழுதுவதுதான். என் மூளையும் அதே மாதிரி நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறது. அதற்கு மெமோ கொடுக்க மட்டும் ஆள் இல்லை.

"மேட்ச் பாக்கும்போது ஏன் மேடம் வலிக்கல?"

மூளை வலியைச் சும்மா வாங்கிக்கொள்வதில்லையாம். பெரிய வேலை வந்தால், வலியை வாசலிலேயே நிறுத்தி வை என்று கீழே உத்தரவும் போடுமாம். இதுவும் எனக்குத் தெரிந்த சங்கதிதான். துறைமுகத்துக்கு மந்திரி வந்தால் எல்லா டிரெய்லரையும் ஓரங்கட்டுவார்கள். ஊரில் லாரியே இல்லாத மாதிரி ரோடு பளபளக்கும். மந்திரி போனதும் அத்தனையும் ஒன்றாக உள்ளே பாயும். என் மூளை ஃபுட்பாலுக்கு மந்திரி மரியாதை கொடுத்திருக்கிறது. தண்ணீர்க் குடத்துக்கு அது கிடையாது.

"அப்ப என் வலி பொய்யில்லையே?"

"வலி நெஜம். அட்ரஸ்தான் தப்பு."

அப்படியும் நான் மேல் பல்லை விடவில்லை. கடைசியில் டாக்டர் சொன்னார்: "கீழ மட்டும் மரத்துப்போற ஊசி போடறேன். அப்பவும் மேல வலிச்சா, மேல் பல்ல எடுத்துடறேன்."

போட்டார். கொஞ்ச நேரத்தில் உதடு பன் மாதிரி வீங்கியதாகத் தோன்றியது. கண்ணாடியில் பார்த்தால் பழைய உதடுதான். மூளை என்கிற அந்த நாற்காலிக்காரர் மறுபடியும் பொய் எழுதுகிறார். மேல் பல் வலியை நாக்கால் தேடினேன். இல்லை. அந்தப் பல்லை யாரும் தொடவேயில்லை. இதையா பிடுங்கச் சொன்னேன் என்று அதை நாக்காலேயே தடவிக் கொடுத்தேன்.

கீழ்ப் பல்லைக் குடைந்து, மருந்து வைத்து, மறுபடி வரச் சொன்னார். காகிதத்தில் மடிக்க எதுவும் இல்லாமல் வீட்டுக்கு வந்தேன்.

"பல்லு எங்க?" என்றாள் உங்கள் அம்மா.

"வாய்லதான் கீது."

டீயைக் குடித்தபடி மூளையின் வண்டவாளத்தை எல்லாம் சொன்னேன். பாதி டீ சட்டையில் வழிந்தது. முந்தானையால் என் மோவாயைத் துடைத்துவிட்டு, "இத்தினி நாளா வூட்ல இருக்கறவங்க மேல பழி போட்ட. இப்ப மூளையா?" என்றாள்.

ராத்திரி மரப்பு விட்டதும் லேசாக வலித்தது. சின்னவள்தான் கேட்டாள்: "எந்தப் பல்லு நைனா?"

என் விரல் நேராக மேலே போனது.

"யோவ், கையை எறக்கு. கீழ்ப் பல்லுய்யா அது" என்று அடுப்படியிலிருந்து அதட்டல் வந்தது. என் வலியை நம்பாதவளுக்கு இப்போது அதன் அட்ரஸ் மனப்பாடம்.

விரலை இறக்கினேன். இத்தனை காலம் கழித்து, போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் எதிரில் நண்டுக்கால் கடித்து உடைத்தேனே, அன்று பிடுங்கச் சொன்ன அதே மேல் பல்லால்தான்.